கழுவி வந்த டிபன் பாக்ஸ்

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை கண் விழித்ததிலிருந்தே சம்ரீனுக்கு வயிறு எரிந்தது. அல்சர் என்று நினைத்துவிடாதீர்கள். சுத்தமான பொறாமை.

"அல்ஷிஃபா என்ன தப்புப் பண்ணினா? சம்ரீன் ஏன் அவளை இப்படிக் கரிச்சுக் கொட்டறா?" என்று போன வாரம் படித்துவிட்டு உறையூரிலிருந்து ஒரு வாசகி கோபமாகக் கேட்டிருந்தார். அம்மணி, அல்ஷிஃபா ஒரு தப்பும் பண்ணவில்லை. பண்ணியிருந்தால் சம்ரீனுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏழு மாதத்துக்கு முன்னால் சம்ரீனின் சின்னத்தா, அதாவது சித்தப்பா, பஷீர் அகமது சவூதியில் தம்மாம் நகரத்து வேலை போய், மனைவி நஜ்முன்னிசாவையும் ஒரே மகள் அல்ஷிஃபாவையும் கூட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்து இறங்கினார். பெரிய கடை வீதிக்குப் பின்னால் அண்ணன் ஜெகபர் சாதிக்கின் வீட்டு மாடி அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. சின்னத்தா இப்போது இரண்டு மாதமாகச் சென்னையில் வேலையில் இருக்கிறார். மாடியில் தாயும் மகளும்தான்.

ஜெகபர் சாதிக்கின் மகள் சம்ரீன். அவளுடைய அலமாரியில் இரண்டு தட்டு அல்ஷிஃபாவுக்குப் போனது. பொறுத்துக்கொண்டாள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பிளஸ் ஒன் வகுப்பு என்றானது. அதையும் பொறுத்துக்கொண்டாள். எட்டு மாதம் இளையவள் என்பதால் வாய்க்கு வாய் "லாத்தா, லாத்தா" என்று அக்காள் முறை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தாள் அல்ஷிஃபா. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அறவுரையாடல் போட்டிக்கு முதல் பேச்சாளர் என்று சுபலட்சுமி டீச்சர் அல்ஷிஃபாவின் பெயரை எழுதினாரே, அங்கேதான் பொறுமை அறுந்து போனது.

சம்ரீன் யார் தெரியுமில்லையா? ஆறாம் வகுப்பிலிருந்து பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கி வாங்கி, வைக்க இடமில்லாமல் ஃப்ரிட்ஜ் மேலே அடுக்கி வைத்திருப்பவள். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல். அவளை இரண்டாவது நாற்காலியில் உட்கார வைத்தால்?

"இது பேச்சுப் போட்டி இல்ல சம்ரீன்," என்றார் டீச்சர். "பட்டிமன்றமும் இல்ல. இங்க எதிர்க்கட்சியே கிடையாது. ரெண்டு டீமும் ஒரு சிக்கலை நடுவுல வச்சுக்கிட்டுச் சேர்ந்து யோசிக்கணும். எதிர்ல இருக்கறவங்க சொல்றது சரின்னு பட்டா ஒத்துக்கணும். மனசை மாத்திக்கிட்டாலும் மார்க் குறையாது, கூடத்தான் செய்யும். விட்டுக்குடுக்கத் தெரிஞ்சவதான் இதுல ஜெயிப்பா. நீ யார் பேசறதையும் கேக்கறதே இல்லயேம்மா. அடுத்து நாம என்ன பேசலாம்னுதான் உக்காந்திருக்கே."

வீட்டில் அத்தா ஜெகபர் சாதிக்கிடம் வந்து சொன்னபோது அவர் கைலிக் கடைக்காரர் பாஷையில் கேட்டார்: "யாரையும் தோக்கடிக்காம எப்புடிம்மா ஜெயிக்கிறது?"

சம்ரீனுக்கும் அதுதான் புரியவில்லை.

இன்றைக்குத்தான் அந்தப் போட்டி. ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மண்டல அளவில் கடைசிச் சுற்று. ஜெயித்தால் சென்னை.

காலை எட்டு மணிக்கு அடுக்களையில் இடியாப்பம் வெந்துகொண்டிருந்தது. அத்தா வழக்கமாக அந்நேரத்துக்குக் கடைச் சாவியைத் தேடிக்கொண்டிருப்பார். இன்று வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்றார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் சம்ரீன்.

"ஸ்ரீரங்கத்துக்குத்தான். கடைக்கு இன்னிக்கு லீவு."

சம்ரீனுக்கு ஒரு நிமிஷம் காது கேட்காத மாதிரி இருந்தது. கடைக்கு லீவா? ஐந்து வருஷம், பதினேழு கோப்பை. ஒரு போட்டிக்காவது வந்திருப்பாரா? "வியாபார நேரம்மா, நீ அல்லாகிட்ட துஆ கேட்டுட்டுப் போ, ஜெயிச்சுட்டு வா" என்பார். அவ்வளவுதான்.

"எனக்காகவா அத்தா?"

"உங்க ரெண்டு பேருக்காகவும்தான்," என்றவர் குரலைத் தழைத்துக்கொண்டார். "அல்ஷிஃபா மொத மொதலா பெரிய மேடை ஏறுது. அதோட அத்தா பக்கத்துல இல்ல. தம்பி இல்லாத இடத்துல நான்தானே போய் நிக்கணும்? சின்னம்மாவையும் ஆட்டோவுல கூட்டிட்டு வந்துடறேன்."

சம்ரீன் இடியாப்பத்தின் மேல் பாலை ஊற்றினாள். ஊற்றிவிட்டு, தட்டை அப்படியே தள்ளி வைத்தாள்.

மாடிப்படியில் அல்ஷிஃபா இறங்கி வந்தாள். துப்பட்டாவை ஒழுங்காகப் பின் குத்தத் தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். "லாத்தா, எனக்குப் பயமா இருக்கு. நீயே மொதல்ல பேசிடேன். டீச்சர்கிட்ட நான் சொல்றேன்."

பெரிய தியாகி! சம்ரீன் பின்னை வாங்கி, வலிக்காத குறையாகக் குத்திவிட்டாள். "ஒண்ணும் வேணாம். பேசு நீயே."

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ்ஸில் ஏறினார்கள். சுபலட்சுமி டீச்சர், அணியின் மூன்றாவது பெண் ஷைனி, இவர்கள் இருவர். பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது அல்ஷிஃபா குறிப்பு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உதட்டுக்குள் முணுமுணுத்தாள். சம்ரீன் ஜன்னல் பக்கம் திரும்பி, திங்கட்கிழமை சாயங்காலத்தை நினைத்தாள்.

போட்டிக்கு முன்கூட்டியே ஒரு சிக்கல் கொடுத்திருந்தார்கள். ஒரு வீட்டில் அம்மாவுக்குப் பெரிய நோய். டாக்டரும் அப்பாவும் அதை அம்மாவிடமே மறைக்கிறார்கள். பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. அப்பா "சொல்லாதே" என்கிறார். மகள் என்ன செய்ய வேண்டும்?

திங்கட்கிழமை மொட்டை மாடியில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் அல்ஷிஃபா திடீரென்று அழ ஆரம்பித்தாள்.

"எங்க வீட்டுலயும் நடந்துச்சு லாத்தா," என்றாள். "தம்மாம்ல அத்தாவுக்கு வேலை போயி அஞ்சு மாசம் யார்கிட்டயும் சொல்லல. தினம் காலைல யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு, அம்மா குடுக்கிற டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடுவாரு. கடற்கரைப் பார்க்ல போயி உக்காந்துட்டு சாயங்காலம் வருவாரு. முன்னல்லாம் டிபன் பாக்ஸ் காஞ்சு போயி வரும், அம்மா திட்டிக்கிட்டே ஊற வைப்பாங்க. திடீர்னு பளபளன்னு கழுவி வர ஆரம்பிச்சுது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் இடிச்சுது. வேலை செய்யற மனுஷனுக்கு டப்பா கழுவ நேரம் ஏதுன்னு. மொத வாரத்துலயே ஒருநாள் ஸ்கூல் பஸ்லேர்ந்தே பார்த்துட்டேன், பெஞ்சுல உக்காந்திருந்தாரு. அன்னிக்கு ராத்திரி எங்கிட்ட, 'அம்மாவுக்குத் தெரிய வேணாம்டா'ன்னாரு."

"நீ சொல்லலயா?"

"சொல்லல. கடைசில விசா முடிஞ்சு எல்லாம் தானா வெளில வந்துச்சு. 'நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திட்டாரே'ன்னு அம்மா என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க லாத்தா. ரெண்டு பேரையும்னு! எனக்கு மொதல்லயே தெரியும்னு தெரிஞ்சா அம்மா தாங்க மாட்டாங்க. அத்தாவை மன்னிச்சாச்சு. என்னை மன்னிக்க மாட்டாங்க. நீ யார்கிட்டயும் சொல்லிடாதே."

"சத்தியமா சொல்ல மாட்டேன்," என்று கையில் அடித்துக் கொடுத்தாள் சம்ரீன். அந்த நேரத்தில் மனப்பூர்வமாகத்தான் சொன்னாள். அவள் கெட்டவள் இல்லை, பொறாமைக்காரி.

பஸ் ஸ்ரீரங்கத்துக்குள் திரும்பியது.

பள்ளிக்கூடத்து ஹாலில் மின்விசிறிகள் தடதடவென்று சுற்றின. மேடையில் இரண்டு மேஜைகள், ஒன்றையொன்று முறைக்காமல் லேசாகச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் நம்முடைய மூன்று பெண்கள். அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்துப் பள்ளியின் அணி. அதில் முதலில் உட்கார்ந்திருந்தவள் வகுளா என்று ஒரு பெண், இரட்டைச் சடை, மூக்கில் கண்ணாடி. கீழே முன்வரிசையில் நடுவர்கள் மூன்று பேர். தலைமை நடுவர், கல்லூரியில் தத்துவம் நடத்தும் பேராசிரியர் ஜோஸ்.

இரண்டாவது வரிசையில் அத்தாவும் சின்னம்மா நஜ்முன்னிசாவும் வந்து உட்கார்ந்தார்கள். சின்னம்மா கறுப்புப் புர்காவுக்கு வெளியே முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தார். அவர் பார்வை முழுக்க முதல் நாற்காலியில்.

அல்ஷிஃபா எழுந்தாள். குரல் சின்னதாக வந்தது. "எனக்கு இதுக்கு முழு விடை தெரியலைங்க," என்றுதான் ஆரம்பித்தாள்.

அடிப்பாவி, இப்படியா ஒரு பேச்சை ஆரம்பிப்பது என்று சம்ரீனுக்குத் தோன்றியது. ஆனால் நடுவர்கள் மூன்று பேரும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

"நோய் அம்மாவோடது. உடம்பு அம்மாவோடது. அதைப் பத்தின உண்மை மட்டும் எப்படி மத்தவங்களுக்குச் சொந்தமாகும்னு எனக்குத் தோணுது. ஆனா அப்பா கெட்டவர் இல்ல. பயந்துட்டாரு. அந்தப் பொண்ணு போயி அம்மாகிட்ட சொல்றதுக்கு முன்னாடி, அப்பாகிட்ட போயி, 'நீங்க சொல்றீங்களா, நாம ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லலாமா?'ன்னு கேக்கலாமோ?"

வகுளா நோட்டில் எதையோ அடித்துவிட்டு எழுதினாள். "அந்தப் பொண்ணு சொல்லக்கூடாதுன்னுதான் நான் நெனைச்சிண்டு வந்தேன்," என்றாள். "அல்ஷிஃபா பேசினதைக் கேட்டப்புறம் அது கொஞ்சம் ஆட்டம் கண்டுடுத்து. சேர்ந்து சொல்றதுன்னு ஒரு வழி இருக்கறது எனக்குத் தோணவே இல்லே."

ஜோஸ் சார் தலையை ஆட்டிக்கொண்டே மதிப்பெண் தாளில் எழுதினார். எதிரணிப் பெண்ணே புகழ்கிறாள்!

சம்ரீன் அத்தாவைப் பார்த்தாள். பார்த்திருக்கவே வேண்டாம். ஜெகபர் சாதிக் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துவிட்டு, மேடையைப் பார்த்து, அல்ஷிஃபாவுக்குக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். பக்கத்து நாற்காலியில் சொந்த மகள் உட்கார்ந்திருப்பது அவர் கண்ணில் பட்டதாகவே தெரியவில்லை.

பதினேழு கோப்பைக்கும் ஒரு கட்டை விரல் கிடைத்ததில்லை. சம்ரீனுக்கு நெஞ்சுக்குள் யாரோ மிளகாயை அரைத்து அப்பின மாதிரி இருந்தது. இவள் என்ன பேசிவிட்டாள்? தெரியலைங்க, தோணுதுங்க, கேக்கலாமோங்க! இதற்கா கண்ணீர்?

"அடுத்து யாரு?" என்றார் ஜோஸ் சார்.

சம்ரீன் கையைத் தூக்கினாள். தூக்கும்போது அவள் மனசில் ஓடியதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பேரைச் சொல்லப்போவதில்லை. ஊரைச் சொல்லப்போவதில்லை. நோயைப் பற்றிய சிக்கலுக்கு வேலை போனதைப் பற்றி ஓர் உதாரணம், அவ்வளவுதான். சத்தியத்தை எங்கே மீறினோம்?

"எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு," என்று அவள் தன் கோப்பைக் குரலில் ஆரம்பித்தாள். ஹால் நிமிர்ந்து உட்கார்ந்தது. "அவளோட அப்பாவுக்கு வேலை போயிடுச்சு. வீட்டுல சொல்லல. அஞ்சு மாசம் தினமும் வேலைக்குப் போற மாதிரியே கிளம்பிப் போனாரு. அந்தப் பொண்ணு எப்படிக் கண்டுபுடிச்சா தெரியுமா? டிபன் பாக்ஸ். எப்பவும் காஞ்சு போயி வர்ற டிபன் பாக்ஸ், திடீர்னு கழுவி வர ஆரம்பிச்சுது. அம்மா சந்தோஷப்பட்டாங்க. பொண்ணுக்கு மட்டும் புரிஞ்சு போச்சு. அஞ்சு மாசம், தெரிஞ்சும் அம்மாகிட்ட வாயைத் திறக்கல."

ஹாலில் ஒரு சத்தமில்லை. இதுதான், இந்த அமைதிதான் சம்ரீனுக்கு வேண்டியிருந்தது. வெற்றியோடு இரண்டாவது வரிசையைப் பார்த்தாள்.

அத்தா ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் சின்னம்மாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. பேரையும் ஊரையும் மறைத்துவிட்டால் போதும் என்று நினைத்தாளே, இந்தப் பைத்தியக்காரப் பெண்! தன் கையால் கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸை எந்தப் பெண்பிள்ளைக்கு அடையாளம் தெரியாமல் போகும்? அது கழுவி வந்ததை அக்கம்பக்கத்தாரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர் அல்லவா அவர்? நஜ்முன்னிசா முதலில் சம்ரீனைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகத் தன் மகளைப் பார்த்தார்.

அல்ஷிஃபா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

வகுளா பாவம், அவளுக்கு என்ன தெரியும்? ஆர்வமாகக் கேட்டாள்: "அருமையான உதாரணம். ஒண்ணு கேக்கறேன். அந்தப் பொண்ணு அஞ்சு மாசம் பேசாம இருந்தாளே, அவ யாரைக் காப்பாத்தினா? அப்பாவையா, அம்மாவையா, இல்லே தன்னைக் காப்பாத்திண்டாளா?"

சம்ரீன் வாயைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை. கதையை எடுத்து வரத் தெரிந்த அளவுக்கு அதைப் பற்றி யோசிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. சுபலட்சுமி டீச்சர் கீழே நகத்தைக் கடித்தார்.

"நான் சொல்றேன்," என்றாள் அல்ஷிஃபா.

எழுந்து நின்றாள். அம்மாவைப் பார்த்துத்தான் பேசினாள், நடுவர்களைப் பார்த்து அல்ல.

"அப்பாவைக் காப்பாத்தறதாத்தான் அந்தப் பொண்ணு நெனைச்சா. ஆனா நெஜமா அவ தன்னைத்தான் காப்பாத்திக்கிட்டா. அம்மாகிட்ட சொன்னா வீட்டுல சண்டை வரும். சண்டை நடுவுல அவ நிக்கணும். அதுக்குப் பயந்துக்கிட்டு இருந்துட்டா. தினம் அம்மா சந்தோஷமா டிபன் கட்டும்போது பக்கத்துலயே நின்னு பார்த்துக்கிட்டு இருந்தா. அது தப்புன்னு அவளுக்கு அப்பவே தெரியும். மன்னிப்புக் கேக்கக்கூட அவளுக்குத் தைரியம் வரல."

வகுளா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இதுக்கு மேலே எங்கிட்ட கேள்வி இல்லே சார்," என்றாள்.

முடிவைச் சொல்ல அரைமணி நேரம்கூட ஆகவில்லை. நம் பெண்கள் சென்னைக்குத் தேர்வாகிவிட்டார்கள். "நான் இத்தனை வருஷத்துல கேட்ட மிக நேர்மையான பதில்," என்று ஜோஸ் சார் மைக்கில் சொல்லி, சிறந்த உரையாடலாளர் என்ற பேட்ஜை அல்ஷிஃபாவின் துப்பட்டாவில் குத்தச் சொன்னார்.

சம்ரீனுக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? வெட்கம் வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். அதுவும் வந்தது, ஆனால் பின்னால்தான். முதலில் வந்தது இதுதான்: கதையைச் சொன்னது நான், பேட்ஜ் அவளுக்கா? என் கதை! என் கதையாம்! கேட்டீர்களா?

மேடையை விட்டு இறங்கியபோது சின்னம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது.

"தலைவலின்னாங்க. வாசல்ல ஆட்டோவுல உக்காந்திருக்காங்க," என்றார் அத்தா. "நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க டீச்சரோட வந்துடுங்க. மாஷா அல்லாஹ், ரெண்டு பேரும் பிரமாதம்." ரெண்டு பேரும் என்று சொல்லிவிட்டு அல்ஷிஃபாவின் தலையில்தான் கை வைத்தார்.

திரும்பும் பஸ்ஸில் டீச்சரும் ஷைனியும் முன்னால் உட்கார்ந்து சென்னைக்கு எந்த ரயிலில் போகலாம் என்று பேசிக்கொண்டு வந்தார்கள். பின் சீட்டில் இவர்கள் இருவர். பாலம் வந்தது, போனது. அல்ஷிஃபா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தால் சம்ரீன் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். அவள் அழவில்லை.

கடைசியில் சம்ரீனே ஆரம்பித்தாள். "நான் உன் பேரைச் சொல்லலயே."

"ம்."

"டீச்சர்தானே சொன்னாங்க, விட்டுக்குடுத்தாத்தான் இதுல ஜெயிக்க முடியும்னு. நான் ஒரு உதாரணம் குடுத்தேன், நீ பதில் சொன்னே, நம்ம டீம் ஜெயிச்சுது. இதுல என்ன?"

அல்ஷிஃபா அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். "டீச்சர் சொன்ன விட்டுக்குடுக்கறது வேற, லாத்தா. நம்ம பிடிவாதத்தை விட்டுக்குடுக்கச் சொன்னாங்க. நீ என்னைய விட்டுக்குடுத்துட்டே."

சம்ரீனுக்குச் சுருக்கென்றது. ஐந்து வருஷமாகத் தமிழில் பரிசு வாங்குகிறவள் அவள். ஒரே வார்த்தை இப்படித் திரும்பிக் குத்தும் என்று தெரியாமல் போயிற்றே.

"இதே இடத்துல நீ இருந்திருந்தா மட்டும்?" என்றாள், விடாமல். "நாலு பேர் முன்னாடி நீ என்னைய விட்டுக்குடுக்க மாட்டியா என்ன?"

"மாட்டேன்," என்றாள் அல்ஷிஃபா. அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்த ஒரு வார்த்தைக்குச் சம்ரீன் அவளை இன்னும் அதிகமாக வெறுத்தாள். ஏனென்றால் அது உண்மை என்று அவளுக்குத் தெரியும். பேச்சில் முந்தினாள், பேட்ஜில் முந்தினாள், அத்தாவின் கண்ணீரில் முந்தினாள். நல்லவளாக இருப்பதிலும் இவள்தான் முந்த வேண்டுமா?

வீட்டுக்குள் நுழைந்தபோது சம்ரீனின் அம்மா வாசலிலேயே சர்க்கரையோடு நின்றிருந்தார். இரண்டு வாயிலும் போட்டார். அத்தா தெருக்காரர்களுக்குப் போன் போட்டுப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. அல்ஷிஃபா ஐந்து முறை மேலே போய்விட்டு ஐந்து முறையும் கீழே வந்துவிட்டாள். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

அந்தி நேரத்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த பிறகு கதவு திறந்தது. மாடிப்படியின் தலையில் நஜ்முன்னிசா வந்து நின்றார். முகம் கழுவியிருந்தார். கண் வீங்கியிருந்தது.

"சம்ரீன், இங்க வாம்மா. நீ மட்டும்."

நீ மட்டும். அல்ஷிஃபா படியின் கீழே அப்படியே நின்றுவிட்டாள். சம்ரீன் அவளைத் தாண்டிக்கொண்டு ஏறினாள்.

சின்னம்மா அவளைக் கட்டிலில் பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். திட்டு விழப்போகிறது என்று சம்ரீன் தயாராக இருந்தாள். விழுந்தால் நல்லது என்றுகூட இருந்தது.

"உன் மேல எனக்குக் கோவமே இல்லம்மா," என்றார் நஜ்முன்னிசா. "நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. அஞ்சு மாசம் கூட இருந்து பார்த்துக்கிட்டு இருந்திருக்கா. அதுக்கப்புறம் இத்தனை மாசம் என் பக்கத்துலயே படுத்துத் தூங்கியிருக்கா. ஒரு வார்த்தை சொல்லல. பெத்தவ நான், எனக்கு இல்லாத உண்மை உனக்கு இருந்திருக்கு. நீதாம்மா என் வயித்துல பொறந்திருக்கணும்."

இனித்தது. மறைப்பானேன், ஒரு விநாடி சம்ரீனுக்கு உடம்பெல்லாம் இனித்தது. அல்ஷிஃபாவை விட நீ மேல் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதானே ஏழு மாதமாக ஏங்கிக் கிடந்தாள்? சொல்லிவிட்டார்கள். அதுவும் அல்ஷிஃபாவின் தாயே சொல்லிவிட்டார். அடுத்த விநாடி அந்த இனிப்பு நாக்கில் கசந்து போனது.

"அவ எங்கிட்ட எதையும் சொல்ல மாட்டா. உங்கிட்டதான் எல்லாத்தையும் சொல்வா," என்று சின்னம்மா அவள் கைகளை இறுக்கிப் பிடித்தார். "அதனால உன்னையே கேக்கறேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. உங்க சின்னத்தா மெட்ராஸ்ல வேலைக்குத்தான் போயிட்டு இருக்காரா? நெஜமாவே வேலையிலதான் இருக்காரா?"

சம்ரீன் திகைத்துப் போனாள். "எனக்குத் தெரியாது சின்னம்மா."

"மறைக்காதம்மா."

"அல்லா மேல ஆணையா எனக்குத் தெரியாது சின்னம்மா! அவ எங்கிட்ட அதைப் பத்தி ஒண்ணுமே சொன்னதில்ல."

நஜ்முன்னிசா அவள் முகத்தையே பார்த்தார். பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தது. "நீயும் மறைக்கிறியா?" என்றார். "என்னைச் சுத்தி இருக்கற எல்லாருமே இப்புடித்தானா?"

சம்ரீனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பொய்யான காரணத்துக்காக உண்மையைச் சொன்னபோது ஒரு ஹாலே நம்பியது. இப்போது நெஞ்சில் கை வைத்துச் சொல்வதை இந்த ஒரு மனுஷி நம்ப மறுக்கிறாரே!

கதவு நிலையில் நிழலாடியது. அல்ஷிஃபா. எப்போது ஏறி வந்தாளோ தெரியவில்லை. துப்பட்டாவில் பேட்ஜ் இன்னும் அப்படியே இருந்தது. பேசாமல் அவள் திரும்பிப் போயிருக்கலாம். அம்மாவின் கோபம் முழுக்கச் சம்ரீன் மேல் திரும்பிக்கொண்டிருக்கும் நேரம். சம்ரீனாக இருந்தால் கண்டிப்பாகத் திரும்பிப் போயிருப்பாள்.

"லாத்தாவைக் கேக்காதீங்கம்மா," என்றாள் அல்ஷிஃபா. "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்குத்தான் தெரியும்."